பவளத் தொட்டியில் வெண்புள்ளி: காப்பரா, தொட்டி மாற்றமா, உப்புக் குறைப்பா, அப்படியே விடுவதா?

"காலையில் விளக்கு எரிந்ததும் பார்த்தேன், டேங் மீனின் துடுப்பில் பொடி உப்பைத் தூவினாற்போல் நாலைந்து புள்ளிகள். என்ன மருந்து ஊற்றட்டும்?" கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இந்தக் கேள்விதான். பவளம் இருக்கும் தொட்டி என்றால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: எதையும் ஊற்றாதீர்கள். அந்த ஒட்டுண்ணியை உண்மையிலேயே கொல்லக்கூடிய எல்லாமே பவளத்தையும் இறாலையும் நத்தையையும் சேர்த்துக் கொல்லும்.

அதனால் "எந்த மருந்து" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு: மீன்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பவளத் தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் வைத்திருக்க உங்களால் முடியுமா? இதற்குப் பதில் தெரியாமல் மருந்துக் கடைக்குப் போய்ப் பயனில்லை.

## நோய் ஓடும் விதம்

வெண்புள்ளியை உண்டாக்குவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. 3 முதல் 7 நாள் தின்று கொழுத்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகும். பிறகு குட்டிகள் நீந்தி வெளியே வரும். அவற்றுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும்.

இதில் இரண்டு விஷயங்களை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, கூடு எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. 3 நாளிலும் வெடிக்கலாம், ஆய்வகத்தில் 72 நாள் வரை எடுத்துக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. 76 நாள் கணக்கு அங்கிருந்துதான் வந்தது. இரண்டாவது, புள்ளி மறைவது குணமல்ல. தின்று முடித்து இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த இரண்டாவதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தொட்டியில். சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் வரவேற்பறையில் 300 லிட்டர் தொட்டி. புதிதாக வாங்கிய கோல் டேங் ஒன்றை மூன்றே நாள் வாளியில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டேன். ஒரு வாரத்தில் வாலருகே புள்ளி. அடுத்த ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை, மீனும் நன்றாகத் தின்றது. "பூண்டு கலந்த தீனி வேலை செய்துவிட்டது" என்று வீட்டில் சந்தோஷமாகச் சொன்னேன். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை, தொட்டியில் இருந்த ஆறு மீனில் ஐந்தின் மேல் புள்ளி. டேங் உடம்பில் எண்ணவே முடியவில்லை. பாறை இடுக்கில் ஒரே மூலையில்தான் அது தினமும் தூங்கும். ஒட்டுண்ணி பெரும்பாலும் இருட்டில்தான் மீனை விட்டு இறங்குகிறது, கூடும் இருட்டில்தான் திறக்கிறது. அதாவது மீன் எந்த மூலையில் தூங்குகிறதோ அங்கேயே அடுத்த தலைமுறை காத்திருக்கிறது. நாலு புள்ளி நானூறாக ஆவது இப்படித்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நோய் எது என்பது முதல் அளவுகோல். வெண்புள்ளி என்றால் எண்ணக்கூடிய, உப்புக்கல் அளவுப் புள்ளிகள். உடம்பெல்லாம் மெல்லிய மாவு பூசினாற்போல இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கி, நீரோட்டப் பம்புக்கு நேரே முகத்தை வைத்து நின்றால் அது வெல்வெட். அமைலூடினியம் ஒசிலேட்டம் என்ற வேறு ஒட்டுண்ணி. அது செவுளை முதலில் பிடிப்பதால் புள்ளி தெரிவதற்குள்ளேயே மீன் சாகலாம். வெண்புள்ளி உங்களுக்கு யோசிக்க நாள் தரும். வெல்வெட் ஒரு இரவுகூடத் தராமல் போகலாம்.

மீன் எது. டேங் வகையை நோய் சீக்கிரம் பிடிக்கும். மாண்டரின் மீனுக்குச் சளிப்படலம் தடிப்பு என்பதால் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அதைப் பவளத் தொட்டியிலேயே விட்டுவிட்டால் 76 நாள் காத்திருந்ததற்கு அர்த்தமில்லை. குள்ள ஏஞ்சல் மீன்கள், சில ரேஸ் வகைகள் காப்பரை (செம்பு கலந்த மருந்து) தாங்கத் தடுமாறும். சுறா, திருக்கை வைத்திருப்பவர்கள் காப்பர் பக்கமே போகக்கூடாது.

இடமும் தண்ணீரும். இதை யாரும் முன்கூட்டியே கணக்குப் போடுவதில்லை. கடல்நீர் கலக்க லிட்டருக்கு 36 கிராம் அளவில் உப்பு வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருப்பதால் வடிகட்டிய தண்ணீர்தான் எடுக்க வேண்டும், அது சொட்டுச் சொட்டாகத்தான் சேரும்.

உங்கள் நேரமும், பிசகினால் வரும் நஷ்டமும். ஒரு நாள் தவறினால் கொஞ்சம் பின்னடைவா, முதலிலிருந்து எல்லாமா? வேலைக்குப் போகிறவருக்கு மருந்தின் வீரியத்தைவிட இது முக்கியம்.

| வழி | மீனுக்கு எத்தனை நாள் | வெல்வெட்டுக்கு உதவுமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| காப்பர் | 30 | உதவும் | அளவிடும் கருவி, அம்மோனியா (மீன் கழிவிலிருந்து சேரும் நஞ்சு), சாப்பிட மறுக்கும் மீன் |
| தொட்டி மாற்றம் | 12 | நம்ப முடியாது | தண்ணீர், உப்பு, இரண்டு செட் சாமான், கறாரான நேரம் |
| உப்புக் குறைப்பு | 30, அதற்கு மேலும் | உதவாது | நல்ல ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பளவு காட்டும் கருவி), தினசரிக் காவல் |
| குளோரோகுயின் | 30 அளவில் | உதவும் | கிடைப்பதே கடினம், அளக்க வழியில்லை |
| அப்படியே சமாளிப்பது | முடிவில்லை | உதவாது | யுவி (புற ஊதா) விளக்கு, புது மீன் சேர்க்க முடியாத நிலை |

முதல் நான்கும் தனித்தொட்டியில், அதாவது மீன்களைப் பிரித்து வைத்துச் சிகிச்சை தரும் தொட்டியில், மட்டும். நான்கிலும் பவளத் தொட்டி 76 நாள் மீனின்றி இருக்க வேண்டும்.

## காப்பர்

காப்பர் மீனின் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியைத் தொடாது, கூட்டையும் தொடாது. நீந்தி வரும் குட்டியை மட்டும் கொல்லும். அதனால்தான் அளவு ஒரு நாள்கூட இறங்காமல் 30 நாள் நிற்க வேண்டும். இறங்கிய அன்று ஒரு குட்டி தப்பித்து மீனில் ஏறினால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

எந்தப் பாட்டிலோ அதற்குரிய அளவு, இதில் குழப்பம் கூடாது. குப்ராமின் என்றால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். காப்பர் பவர் போன்ற கீலேட் செய்த (செம்பை வேறொரு பொருளோடு பிணைத்த) வகையில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் வரை போகிறோம். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால், ஒரு பக்கம் மருந்தே இல்லாத தண்ணீர், இன்னொரு பக்கம் செத்த மீன். ஒரே நாளில் முழு அளவும் ஏற்றாமல் மூன்று நான்கு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். நிறம் பார்த்துச் சொல்லும் சோதனைக் குப்பிகளை நான் நம்புவதில்லை. கீலேட் காப்பரை அவற்றில் படிப்பது ஊகம்தான். ஹன்னாவின் டிஜிட்டல் கருவி வாங்கினேன், மருந்துப் பாட்டிலைவிடப் பல மடங்கு விலை. அதை வாங்க மனமில்லை என்றால் காப்பரைத் தொடாதீர்கள் என்றே சொல்வேன்.

தனித்தொட்டியில் பாறையோ மணலோ போடக்கூடாது, இரண்டும் காப்பரை உறிஞ்சும். மீன் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய் முழங்கைகள் போதும். கரி வடிகட்டியும் வேண்டாம். அப்புறம், பழக்கமில்லாதவர்கள் விழும் பெரிய பள்ளம் ஒன்று உண்டு: புதுத் தனித்தொட்டியில் அம்மோனியா ஏறும், பயந்துபோய் அம்மோனியாவைக் கட்டும் திரவத்தை ஊற்றுவார்கள். அந்த வகைத் திரவங்கள் பல காப்பரோடு சேர்ந்து அதை இன்னும் நஞ்சாக்கிவிடும். அம்மோனியா ஏறினால் தண்ணீர்தான் மாற்ற வேண்டும், அதுவும் அதே அளவு காப்பர் கலந்த தண்ணீரால்.

நல்ல பக்கம் இது: வெண்புள்ளியா வெல்வெட்டா என்று தெரியாதபோது இரண்டையும் ஒன்றாகப் பிடிப்பது காப்பர்தான். மீன் நாலைந்துக்கு மேல் இருந்து, எல்லாம் உறுதியான வகை என்றால், வேலைக்குப் போய் வருகிறவருக்கு இதுதான் பொருந்தும். காலை ஒருமுறை அளந்து பார்ப்பது, மாலை ஒரு பார்வை.

## தொட்டி மாற்றம்

எனக்கு மிகவும் பிடித்த வழி. மருந்தே இல்லை, வெறும் கணக்கு. மீனை விட்டு இறங்கிய ஒட்டுண்ணி கூடு கட்டிக் குட்டி விடக் குறைந்தது மூன்று நாள் ஆகும். அதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால், இறங்கியதெல்லாம் பழைய தொட்டியிலேயே நின்றுபோகும். 1ஆம் நாள் முதல் தொட்டி, 4ஆம் நாள் இரண்டாவது, 7ஆம் நாள் மறுபடி முதலாவது, 10ஆம் நாள் இரண்டாவது, 13ஆம் நாள் சுத்தமான இடம். மீன் மேல் ஒட்டுண்ணி தங்குவது அதிகபட்சம் ஒரு வாரம் என்பதால் 12 நாளில் எல்லாம் இறங்கியிருக்கும்.

72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. காலையில் மாற்றினால் அடுத்ததும் காலையில், விளக்கு எரிவதற்கு முன்பே. காலியான தொட்டி, வடிகட்டி, ஹீட்டர், குழாய், வலை எல்லாவற்றையும் கழுவி, ஈரமே இல்லாமல் காய வைக்க வேண்டும். கூடு காய்ந்தால் தாங்காது. தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் பழைய தொட்டியிலிருந்து வரக்கூடாது. மீனை ஒரு டப்பாவில் பிடித்து, தண்ணீரை வடித்துவிட்டு விடுங்கள். வெப்பமும் உப்பும் இரண்டு தொட்டியிலும் ஒன்றாக இருந்தால் பழக்கும் வேலையே தேவையில்லை.

செலவுக்கு வருவோம். 60 லிட்டர் தொட்டி என்றால் நாலு முறைக்கு 240 லிட்டர், உப்பு 9 கிலோ பக்கம். என் வடிகட்டி அதைச் சேர்க்க இரவும் பகலும் ஓடியது. குளியலறையில் மூன்று பெரிய தொட்டித் தண்ணீர், பால்கனியில் காயும் சாமான்கள், வீட்டில் மற்றவர்கள் முகம் சுளிப்பது, இவையும் செலவுதான். ஆனால் இங்கே காப்பர் இல்லாததால் அம்மோனியாவைக் கட்டும் திரவத்தைத் தைரியமாகப் போடலாம், மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தண்ணீர் வேறு. ஒன்றிரண்டு மீன், அதுவும் காப்பர் ஒத்துக்கொள்ளாத மீன் என்றால் வேறு யோசனையே வேண்டாம். வெல்வெட் சந்தேகம் இருந்தால் மட்டும் இதை நம்பி உட்காராதீர்கள்.

## உப்புக் குறைப்பு

சாதாரணக் கடல்நீர் ஒப்படர்த்தி 1.025 பக்கம். அதை இரண்டு நாளில் 1.009க்கு இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்த பின் 30 நாள் அங்கேயே நிறுத்துவது. எலும்புள்ள மீன்கள் பெரும்பாலும் இதைத் தாங்கும். ஒட்டுண்ணியின் கூடு தாங்காமல் வெடித்துவிடும். மருந்தில்லை, தண்ணீரும் அதிகம் வேண்டாம் என்பதால் மலிவு போலத் தெரியும்.

மலிவில்லை. 1.009க்கும் 1.011க்கும் நடுவில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சூட்டில் மின்விசிறி ஓடும் அறையில் ஒரே நாளில் தண்ணீர் ஆவியாகி அளவு ஏறிவிடும். அளவு திருத்தாத ரிஃப்ராக்டோமீட்டர் என்றால் ஒரு மாதம் நோயைப் பேணி வளர்த்ததாகத்தான் ஆகும். பிஎச் இறங்கும், சமையல் சோடா கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். முடிந்த பிறகு உப்பை ஏற்றுவதில் அவசரம் கூடாது, ஒரு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். இதையும் மீறிப் பிழைக்கும் ஒட்டுண்ணி வகைகள் இருப்பதும் தெரிந்த விஷயம்.

காப்பரும் ஆகாது, மூன்று நாளுக்கொருமுறை மாற்றவும் முடியாத பெரிய மீன் என்றால் மட்டும் நான் இதைச் சொல்வேன்.

## குளோரோகுயின்

மலேரியா மாத்திரையாக நாம் அறிந்த மருந்துதான். மீனுக்குக் காப்பரைவிட மென்மை, வெல்வெட்டுக்கும் கேட்கும். ஆனால் தூய பொடி வேண்டும், கால்நடை மருத்துவர் வழியாகத்தான் முறைப்படி வாங்க முடியும், வெளிச்சம் பட்டால் கெடும், தண்ணீரில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வீட்டில் அளக்கக் கருவி கிடையாது. மீன் மருத்துவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்குச் சரி.

## அப்படியே வைத்துச் சமாளிப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கமாட்டேன். 800 லிட்டர் தொட்டி, ஐந்து வருடம் வளர்ந்து பாறையோடு பாறையாய் ஒட்டிய பவளங்கள், அதற்குள் பதினைந்து மீன். அவற்றைப் பிடிக்கப் பாறையைக் கலைத்தால் நோயைவிட அந்த வைத்தியம்தான் அதிகம் கொல்லும். மீன் எல்லாம் நன்றாகத் தின்கிறது, டேங் வகை இல்லை, புள்ளி எப்போதாவது ஒன்றிரண்டு என்றால், சமாளிப்பது நியாயமான முடிவு.

பிழைத்த மீனுக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி வரும், சில மாதங்கள் நிற்கும். அதை விழாமல் காப்பதுதான் வேலை: நாளுக்கு இரண்டு மூன்று வேளை நல்ல தீனி, வெப்பம் ஏறி இறங்காமல் காக்கும் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி), சண்டையில்லாத கூட்டம், தொட்டிக்கேற்ற யுவி விளக்கு. யுவி வழியே தண்ணீர் மெதுவாகப் போனால்தான் பலன், விளக்கையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். அது குட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், பூஜ்யம் ஆக்காது. சுத்தம் செய்யும் இறாலும் அப்படித்தான், உதவி செய்யும், முடித்து வைக்காது. "பவளத்துக்குப் பாதுகாப்பானது" என்று விற்கும் பாட்டில்களில் ஒட்டுண்ணியை ஒழித்த ஒன்றை நான் பார்த்ததில்லை. புள்ளி தானாக இறங்கும் நாலாம் நாளின் புகழைத்தான் அவை எடுத்துக்கொள்கின்றன.

இதன் உண்மையான விலை பிறகுதான் தெரியும். சில்லர் ஒரு இரவு நின்றால் மறுவாரம் புள்ளி. எதிர்ப்புச் சக்தி இல்லாத புது மீன் உள்ளே வந்தால் முதலில் அது விழும். உங்கள் மீனையோ பவளத் துண்டையோ இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால், நோய் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியே கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

## அந்த 76 நாள்

மீனைப் பிடிப்பதுதான் மலை. என் சிக்ஸ்லைன் ரேஸ் வலையைப் பார்த்தாலே பாறைக்குள். அக்ரிலிக் பொறிப்பெட்டியைத் திறந்தபடி ஆறு நாள் உள்ளேயே வைத்து, தீனியை அதற்குள் மட்டும் போட்டேன். முதல் மூன்று நாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. நாலாம் நாள் பாதி உடம்பை உள்ளே விட்டு ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. ஏழாம் நாள் காலை முழுதாக உள்ளே போனதும் கதவை விட்டேன். க்ளவுன் மீன் இரண்டும் அனிமோனில் இருந்தே டப்பாவுக்கு வந்துவிட்டன.

மீன் போன பிறகு இறாலுக்கும் பவளத்துக்கும் வழக்கம்போலத் தீனி, பாக்டீரியா பட்டினி கிடக்காமல் இருக்கச் சிட்டிகைத் தீனி. 27 டிகிரியில் தொட்டி இருந்தால் 45 நாளே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் முழுதாக 76 நாள் விட்டேன், இவ்வளவு பாடுபட்டு ஒரு மாதத்தைச் சேமிக்க மனம் வரவில்லை. இடையில் புதுப் பவளத் துண்டோ நத்தையோ சேர்த்தால், அதன் அடிக்கல்லில் கூடு இருக்கலாம் என்பதால் நாள் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். வலை, கை, வாளி எல்லாம் தனித்தனி. வெல்வெட் என்றால் தனித்தொட்டி மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும், தெறிக்கும் நுண்துளிகள் அந்தத் தூரம் வரை அதைச் சுமந்து போவது ஆய்வில் தெரிந்த விஷயம். எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த ஒரே இடம் படுக்கையறை மூலை.

இந்த வழிகளைக் கலந்தும் செய்யலாம். நான் டேங், க்ளவுன், ரேஸ், கிராமா ஐந்தையும் காப்பரில் வைத்தேன். மாண்டரினை மட்டும் தொட்டி மாற்றத்தில் விட்டேன், ஏனென்றால் அது உயிரோடு துள்ளும் கோப்பிபாடுகளை (மிகச் சிறிய நீருயிர்கள்) மட்டுமே தின்னும், காப்பர் தண்ணீரில் அந்தத் தீனி நிற்காது.

இன்று இரவே தொடங்க வேண்டியவருக்கு ஒன்று. தனித்தொட்டிக்கு உடனே பாக்டீரியா வேண்டுமென்று நோய்த் தொட்டியின் சம்பிலிருந்து (வடிகட்டும் துணைத் தொட்டி) ஸ்பாஞ்சை எடுத்துப் போடலாமா என்று கேட்பார்கள். காப்பர் என்றால் போடலாம், அதிலிருந்து வெளிவரும் குட்டிகளைக் காப்பரே கொன்றுவிடும், அளவு மட்டும் முழுதாக ஏறியிருக்க வேண்டும். தொட்டி மாற்றமோ உப்புக் குறைப்போ என்றால் அந்த ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம், கூட்டைக் கையால் எடுத்து உள்ளே வைப்பதுபோல் ஆகும். அதற்குக் கடையில் விற்கும் பாக்டீரியாக் குப்பியும், புது ஸ்பாஞ்சும், தண்ணீர் மாற்றத் தயாராக ஒரு டிரம் உப்புநீரும் வைத்துக்கொள்ளுங்கள்.